முள்ளைச் சூழ்ந்த காவல்காரர்கள்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு. மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர் பாதை. பாதை முழுவதும் ஜனங்கள். பெரும்பாலோர் காலில் செருப்பு இல்லை.

கூட்டத்தில் ஓர் இளைஞன் காலில் முள் குத்துகிறது. முள்ளின் நுனி உள்ளே முறிந்து விடுகிறது. அவன் பொருட்படுத்தாமல் நடக்கிறான். மறுநாள் அந்த இடம் சிவக்கிறது. வீங்குகிறது. இரண்டு நாளில் சீழ் கோக்கிறது.

அதே கூட்டத்தில் ஒரு பெரியவர். போன வருஷம் மலையைச் சுற்றி ஒரே மூச்சில் நடந்து வந்தவர். நடுவில் அவருக்கு மாரடைப்பு வந்து போயிற்று. பிழைத்துக் கொண்டார். இந்த வருஷம் அக்கினி லிங்கம் வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்து விடுகிறார். கால்கள் வீங்கியிருக்கின்றன. இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது.

இளைஞனின் கால் சீழுக்கும், பெரியவரின் மூச்சிரைப்புக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஒரே கூட்டம். நம் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள்தான் அவை.

அந்த அணுக்கள் நம் உடம்பின் காவல்காரர்கள் என்று முதன் முதலில் கண்டு சொன்னவர் ஒரு ருஷிய நாட்டு விஞ்ஞானி. அவர் கண்டு பிடித்ததும் ஒரு முள்ளைக் கொண்டுதான். கடைசியில் அவர் உயிர் போனதும் இருதயத் தளர்ச்சியால்தான்.

அவர் பெயர் இலியா மெச்னிகோவ்.

படிப்பில் புலி

மெச்னிகோவ் 1845-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தார். கார்கோவ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அன்று அது ருஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. இன்று அது உக்ரேன் நாட்டில் இருக்கிறது.

தகப்பனார் ராணுவ அதிகாரி. சீட்டாட்டத்தில் பணத்தை விட்டவர். தாயார் ஒரு யூத எழுத்தாளரின் மகள். வீட்டில் இலியாதான் கடைக்குட்டி. துறுதுறு என்று இருப்பான். செடி, கொடி, பூச்சி, புழு எதையும் விடமாட்டான்.

கார்கோவ் சர்வகலாசாலையில் சேர்ந்தார். நான்கு வருஷப் படிப்பு. அவர் இரண்டே வருஷத்தில் முடித்தார். அப்போது வயது 19.

பிறகு ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போனார். கடல் பிராணிகளை ஆராய்ந்தார். ஜெர்மனியில் இருந்தபோது ஒரு தட்டைப் புழுவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அந்தப் புழுவின் உடம்பில் இருந்த அணுக்களே இரையை விழுங்கி ஜீரணம் செய்தன. வயிறு செய்கிற வேலையை ஓர் அணு செய்கிறது! அதை மனத்தில் போட்டு வைத்தார். அது பயன்படுவதற்கு 17 வருஷம் ஆயிற்று.

இரண்டு முறை சாகத் துணிந்தவர்

ஊர் திரும்பி ஒடெஸ்ஸா சர்வகலாசாலையில் ஆசிரியர் ஆனார். 1869-இல் லுட்மிலா என்ற பெண்ணைக் கலியாணம் செய்து கொண்டார். அவளுக்கு க்ஷயரோகம். கலியாணத்தன்று மாதா கோயிலுக்கு நடந்து வரக்கூட அவளால் முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள்.

மனைவியைக் காப்பாற்ற மெச்னிகோவ் படாத பாடு பட்டார். வெப்பமான ஊர்களுக்கு அழைத்துப் போனார். மொழிபெயர்ப்பு வேலை செய்து பணம் தேடினார். ஒன்றும் பலிக்கவில்லை. 1873-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அட்லாண்டிக் கடலில் உள்ள மதீரா தீவில் லுட்மிலா கண்ணை மூடினாள்.

மெச்னிகோவுக்கு உலகமே இருண்டு போயிற்று. அவர் கண்களும் கெட்டிருந்தன. பூதக்கண்ணாடியில் பார்க்கவே கஷ்டம். மார்பியா மருந்தை எடுத்து விழுங்கினார். அளவு மிஞ்சிப் போனதால் வாந்தி வந்து விட்டது. பிழைத்துக் கொண்டார்.

சில நாள் கழித்து ஜெனீவா நகரில் ஓர் ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றார். விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் பறந்து கொண்டிருந்தன. சில மணி நேரமே உயிர் வாழும் பூச்சிகள் என்று எண்ணினார். இவ்வளவு குறுகிய ஆயுளில் இவை எப்படி வலிமையில் தேறுகின்றன என்ற கேள்வி மனத்தில் எழுந்தது. கேள்வி எழுந்ததும் சாகும் எண்ணம் மறைந்தது. ஒரு பூச்சி ஒரு மனிதனைக் காப்பாற்றிற்று!

1875-இல் ஓல்கா என்ற பெண்ணை மறுமணம் செய்தார். ஐந்து வருஷம் கழித்து ஓல்காவுக்கு டைபாய்டு ஜுரம். அவள் பிழைப்பாளா என்ற நிலைமை. நாட்டிலும் குழப்பம். சர்வகலாசாலையிலும் தொல்லை. மெச்னிகோவ் மறுபடி சாகத் துணிந்தார். இந்தத் தடவை விஷம் குடிக்கவில்லை. விட்டு விட்டு வரும் ஒருவகை ஜுரத்தின் கிருமி நிறைந்த ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக் கொண்டார். செத்தாலும் அந்த நோய் ரத்தத்தின் மூலம் தொற்றுமா என்று தெரியுமே என்பது அவர் கணக்கு!

கடுமையான காய்ச்சல் வந்தது. அதிலும் பிழைத்தார். ஓல்காவும் பிழைத்தாள். அதற்குப் பின் மெச்னிகோவ் சாவைத் தேடவே இல்லை. வாழ்க்கையை இவ்வளவு நேசித்த மனிதர் வேறு உண்டா என்று சொல்லும்படி மாறி விட்டார்.

நட்சத்திர மீன்

1882-இல் உத்தியோகத்தை விட்டார். மனைவியோடும், அவளுடைய தம்பி தங்கைகளோடும் இத்தாலியின் தென்கோடியில் உள்ள மெஸ்ஸினா நகரத்துக்குப் போனார். கடலைப் பார்த்த வீடு. அங்கே தம் கையாலேயே ஓர் ஆராய்ச்சி மூலையை அமைத்துக் கொண்டார்.

ஒருநாள் வீட்டில் இருந்த எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய் விட்டார்கள். குரங்குகள் வித்தை காட்டும் சர்க்கஸ். மெச்னிகோவ் மட்டும் வீட்டில் தனியாக இருந்தார். பூதக்கண்ணாடியின் அடியில் நட்சத்திர மீனின் குஞ்சு இருந்தது. அது கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அதன் உடம்பில் சில அணுக்கள் இங்கும் அங்கும் ஊர்ந்து கொண்டிருந்தன.

சட்டென்று அவருக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. இந்த அணுக்கள் அந்நியப் பொருளை எதிர்க்கும் காவல்காரர்களாக இருக்குமோ? அப்படியானால் இந்தக் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைச் செருகினால் அவை ஓடி வந்து சூழ வேண்டும். மனிதன் விரலில் முள் குத்தினால் சீழ் கோப்பது போல!

பரபரப்புத் தாங்கவில்லை. அறையில் மேலும் கீழும் நடந்தார். கடற்கரைக்குப் போய் மனத்தை ஒருநிலைப் படுத்தி வந்தார்.

வீட்டுத் தோட்டத்தில் ரோஜாச் செடி இருந்தது. சில நாள் முன்புதான் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு சிறிய ஆரஞ்சு மரத்தைக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்தார். ரோஜாவிலிருந்து சில முட்களைப் பறித்தார். கண்ணாடி போன்ற மீன் குஞ்சுகளின் தோலுக்கு அடியில் மெல்லச் செருகினார்.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் இல்லை. விடியற்காலையில் ஓடி வந்து பார்த்தார். முட்களைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கொண்டிருந்தன!

அவருக்கு அப்போது வயது 37. அதுவரை பூச்சி, மீன் ஆராய்ச்சிக்காரராக இருந்தவர் அன்று முதல் நோய் ஆராய்ச்சிக்காரர் ஆகி விட்டார்.

அந்தக் குஞ்சுக்கு ரத்தக் குழாயே கிடையாது. நரம்பு மண்டலமும் நம்முடையது போல் இல்லை. ஆனாலும் காவல் இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்பின் முள்ளைக் கண்டதில்லை. பிறக்கும்போதே வந்த காவல் அது. இதைத்தான் இன்று டாக்டர்கள் பிறவி எதிர்ப்புச் சக்தி என்கிறார்கள். தடுப்பூசி போட்டோ, ஒரு தடவை நோய் வந்து போயோ கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி வேறு.

சண்டை

வியன்னா நகரத்துப் பேராசிரியர் கிளாஸ் அந்த அணுக்களுக்குக் கிரேக்க மொழியில் ஒரு பெயர் யோசனை சொன்னார். தின்னும் அணு என்று அதற்குப் பொருள். தமிழில் விழுங்கணு என்கிறோம்.

1884-இல் இன்னொரு சாட்சி கிடைத்தது. குளத்து நீரில் வாழும் டாப்னியா என்ற தெள்ளுப் போன்ற சிறு பிராணி. ஊசி போன்ற காளான் வித்துக்கள் அதன் உடம்பில் நுழைந்தால் விழுங்கணுக்கள் பாய்ந்து தின்றன. தின்று தீர்த்தால் பிராணி பிழைத்தது. தின்ன முடியாமல் போனால் பிராணி செத்தது.

ஆனால் பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. வெள்ளை அணுக்கள் கிருமிகளைத் தூக்கிக் கொண்டு போய் உடம்பெங்கும் பரப்புகின்றன என்பதே அன்று பலருடைய எண்ணம். காவல்காரனைத் திருடன் என்று நினைத்திருந்தார்கள். போதாதற்கு மெச்னிகோவ் டாக்டருக்குப் படித்தவரும் அல்ல.

ஒடெஸ்ஸாவில் 1886-இல் கிருமி ஆராய்ச்சி நிலையம் ஒன்று திறந்தார்கள். மெச்னிகோவ் அதன் தலைவர். அவர் ஊரில் இல்லாத சமயம், உதவியாளர்கள் ஆடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பு மருந்து போட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆடுகள் செத்து விழுந்தன. ஊர் முழுவதும் ஏச்சு. இனி இங்கே இருக்க முடியாது என்று புறப்பட்டார். 1888-இல் பாரீஸ் நகரில் லூயி பாஸ்டர் தம் நிலையத்தில் அவருக்கு இடம் கொடுத்தார். மெச்னிகோவ் சாகும் வரை அங்கேயே இருந்தார்.

ஜெர்மன் விஞ்ஞானிகள் விழுங்கணுக்களை ஒப்பவில்லை. ரத்தத்தின் நீரில்தான் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்றார்கள். இருபது வருஷம் சண்டை நடந்தது. மெச்னிகோவ் தலைமயிரும் தாடியும் பறக்க மேடையில் வாதாடுவார். 1908-இல் நோபல் பரிசுக் குழு ஒரு நல்ல காரியம் செய்தது. பரிசை மெச்னிகோவுக்கும், எதிர்க் கட்சியைச் சேர்ந்த பால் எர்லிக்குக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்து விட்டது. இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

அதே 1908-ஆம் ஆண்டு, அதே டிசம்பர் மாதத்தில் பூகம்பம் வந்து மெஸ்ஸினா நகரம் தரைமட்டமாயிற்று.

மாணவர் இந்தியாவுக்கு வந்தார்

மெச்னிகோவிடம் ஒடெஸ்ஸாவில் படித்த மாணவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் வால்டெமார் ஹாப்கின். குருவைத் தேடிப் பாரீசுக்கு வந்தார். வேறு வேலை இல்லாததால் நூல் நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கேயே காலராவுக்குத் தடுப்பு மருந்து செய்தார். 1893-இல் அதை எடுத்துக் கொண்டு இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் பிளேக் தலை விரித்து ஆடியது. அங்கே பிளேக் தடுப்பு மருந்தைத் தயாரித்து 1897 ஜனவரியில் தம் உடம்பிலேயே முதலில் போட்டுப் பார்த்தார்.

அந்தப் பிளேக் தமிழ் நாட்டையும் விடவில்லை. 1905-இல் திருவண்ணாமலையிலும் வந்தது. ரமண மகரிஷி அப்போது விரூபாக்ஷ குகையை விட்டுப் பச்சையம்மன் கோயிலுக்குப் போய்ச் சில மாதம் தங்கியிருந்தார்.

காவல்காரனே கொள்ளைக்காரன்

வயது ஏற ஏற மெச்னிகோவுக்கு முதுமையைப் பற்றிய கவலை வந்தது. பூதக்கண்ணாடியில் வயோதிகர்களின் உடம்பைப் பார்த்தார். அங்கேயும் தம்முடைய விழுங்கணுக்களைக் கண்டார். ஆனால் அவை கிருமியைத் தின்னவில்லை. உடம்பையே தின்று கொண்டிருந்தன!

மயிரின் கறுப்பு நிறத்தை அவை தின்பதால்தான் நரைக்கிறது என்றார். நரம்பு அணுக்களையும் அவை தின்கின்றன என்றார். குடலில் உள்ள கெட்ட கிருமிகளின் விஷம் உடம்பைப் பலவீனப் படுத்துவதால் காவல்காரர்கள் வரம்பு மீறுகிறார்கள் என்பது அவர் முடிவு. அதற்குப் புளித்த பால் நல்லது என்றார். பல்கேரியா நாட்டுக் குடியானவர்கள் புளித்த பால் சாப்பிட்டு நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். தாமும் தினம் சாப்பிட்டார். மேல் நாடுகளில் தயிர் விற்பனை அமோகமாக நடந்தது. நம் வீட்டுத் தயிர்ச் சாதத்துக்கு அவர் சிபாரிசு வேண்டியதில்லை.

நரை பற்றியும் குடல் விஷம் பற்றியும் அவர் சொன்னதில் பல நிற்கவில்லை. ஆனால் அடிப்படையில் ஒன்று நின்றது. காக்கும் அணுவே அழிக்கவும் கூடும். இன்று டாக்டர்கள் அதைத் தெளிவாகக் காணும் இடங்களில் ஒன்று, இருதயம்.

மெச்னிகோவின் சொந்த இருதயம் தளர்ந்த கதைக்குப் போகுமுன் அதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இருதயத்தில் குத்தும் முள்

நம் இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அடைத்துக் கொண்டால் மாரடைப்பு. ரத்தம் கிடைக்காத தசை செத்துப் போகிறது. பெரிய மாரடைப்பில் சுமார் 100 கோடி தசை அணுக்கள் சாகும். செத்த தசைக்குப் பதில் புதுத் தசை முளைப்பது இல்லை என்றே சொல்லலாம்.

இங்கே கிருமி இல்லை. முள்ளும் இல்லை. ஆனால் செத்த தசை உடைந்து, உள்ளே இருந்த சரக்கு வெளியே கொட்டுகிறது. அது இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதே முள் குத்திய மாதிரி. விழுங்கணுக்களின் மேல் மணி அடிப்பது போன்ற கருவிகள் உண்டு. அந்த மணியைக் கண்டு பிடிக்க உதவியது ஈயைப் போன்ற ஒரு சிறு பூச்சி. பழத்தை மொய்க்குமே, அந்தப் பூச்சிதான். அதை ஆராய்ந்த ஹாப்மனும், எலியை ஆராய்ந்த பாய்ட்லரும் அதற்காக 2011-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மணி அடித்ததும் சில மணி நேரத்தில் முதல் படை வந்து சேர்கிறது. சிறிய விழுங்கணுக்கள். அவசரக்காரர்கள். முன்பின் பாராமல் அழிப்பார்கள். இளைஞனின் காலில் சீழாகத் திரண்டவர்களும் இவர்களே. அடுத்த நாட்களில் பெரிய விழுங்கணுக்கள் வருகின்றன. செத்த தசையைத் தின்று இடத்தைத் துப்புரவு செய்கின்றன.

நான்கைந்து நாள் போனதும் காட்சி மாறுகிறது. பெரிய விழுங்கணுக்கள் குணம் மாறுகின்றன. இடிப்பதை விட்டுக் கட்டுவதற்கு ஆள் கூப்பிடுகின்றன. நார் பின்னும் அணுக்கள் வந்து தழும்பு போடுகின்றன. சில வாரத்தில் தழும்பு கெட்டியாகிறது. இடிந்த சுவரில் செங்கல் இல்லாவிட்டாலும் மண் பூசி நிறுத்தின மாதிரி. தழும்பு துடிக்காது. ஆனால் கிழியாமல் தாங்கும்.

எல்லாம் காலாகாலத்தில் நடந்தால் மனிதன் தப்பினான்.

நடக்காவிட்டால்? இடிக்க வந்தவர்கள் போக மறுத்தால்? பக்கத்தில் உள்ள நல்ல தசையிலும் கை வைக்கிறார்கள். நார் வேண்டாத இடத்திலும் படர்கிறது. சுவர் மெலிகிறது. இருதயத்தின் அறை மெல்ல மெல்லப் பெருக்கிறது. நுனி கூரான முட்டை போல் இருந்த அறை பந்து போல் உருண்டு விடுகிறது. பந்து போன அறையால் அழுத்திப் பிழிய முடியாது. ரத்தம் தேங்குகிறது. கால் வீங்குகிறது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகிறது. இருதயத் தளர்ச்சி என்பது இதுதான். இருதயம் நின்று போவது என்று அர்த்தம் அல்ல. வேலைக்குப் போதாமல் போவது.

கிரிவலத்தில் உட்கார்ந்து விட்ட பெரியவருக்கு நடப்பது இதுவாக இருக்கலாம். நெடுநாள் ரத்தக் கொதிப்பு இருந்தாலும் இதே மாதிரி மெதுவாக நடக்கும்.

அடக்கினால் என்ன?

காவல்காரர்களை அடக்கி விட்டால் போயிற்று என்று யாருக்கும் தோன்றும். டாக்டர்களுக்கும் தோன்றியது. ஆனால் அது அவ்வளவு சுலபமாக இல்லை.

1970-களில் மாரடைப்பு வந்தவர்களுக்கு வீக்கத்தை அடக்கும் ஸ்டிராய்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். தழும்பு சரியாக விழாமல் சுவர் மெலிந்து விடுமோ என்ற பயம் வந்தது. கைவிட்டார்கள்.

1990-இல் ஒரு செய்தி தெரிந்தது. முற்றிய இருதயத் தளர்ச்சி உள்ளவர்களின் ரத்தத்தில், விழுங்கணுக்கள் சுரக்கும் டி.என்.எப். என்ற பொருள் மிகுந்திருந்தது. அதைத் தடுக்கும் மருந்துகள் வந்தன. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. ஒரு மருந்தை அதிக அளவில் கொடுத்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. அந்த முடிவு 2003-இல் வெளியாயிற்று.

2017-இல் மற்றொரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. மாரடைப்பு வந்து பிழைத்த 10,061 பேர் அதில் கலந்து கொண்டார்கள். வேறொரு அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசி மருந்து. மறுபடி மாரடைப்பு வருவது ஓரளவு குறைந்தது. ஆனால் கிருமி நோயால் செத்தவர் தொகை கூடியது. காவல்காரனைக் கட்டிப் போட்டால் திருடன் வருவான் அல்லவா?

போதாக்குறைக்கு 2017-இல் இன்னொரு அதிசயமும் தெரிந்தது. நோயே இல்லாத இருதயத்திலும் விழுங்கணுக்கள் குடியிருக்கின்றன. வெறுமே குடியிருக்கவில்லை. துடிப்பை ஏவும் மின்சாரம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போக அவை உதவி செய்கின்றன. எலிகளில் அவற்றை அகற்றியபோது துடிப்பே தாறுமாறு ஆயிற்று. அவர்களை அடியோடு விரட்டுவது நடக்காத காரியம்.

கார்த்திகைப் பூ

இதில் தமிழ் நாட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது. கார்த்திகை மாதம் திருவண்ணாமலை மலை மேல் தீபம் ஏற்றுகிறார்கள். அந்தப் பருவத்தில் வேலியோரங்களில் தீக்கொழுந்து போல ஒரு பூ பூக்கும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. செங்காந்தள் என்றும், கார்த்திகைப் பூ என்றும் சொல்வார்கள். தமிழ் நாட்டின் அரசுப் பூ அதுதான். அதன் கிழங்கைக் கண்வலிக் கிழங்கு என்பார்கள். திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கங்களில் பந்தல் கட்டிப் பயிர் செய்கிறார்கள்.

அதன் விதையிலிருந்து கோல்ச்சிசின் என்ற மருந்து எடுக்கப் படுகிறது. அது கீல்வாதத்துக்குப் பழைய மருந்து. விழுங்கணுக்களின் நடமாட்டத்தை அது மட்டுப் படுத்தும். அதை மிகச் சிறிய அளவில், அரை மில்லி கிராம், மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் சோதித்தார்கள். 2019-இல் முடிவு வெளியாயிற்று. மருந்து சாப்பிடாதவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் மறுபடி ஆபத்து வந்தது. சாப்பிட்டவர்களில் 100-க்கு 5, 6 பேருக்குத்தான் வந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் 2024-இல் 7,000 பேருக்கு மேல் நடந்த சோதனையில் அப்படிப் பலன் தெரியவில்லை. டாக்டர்களுக்குள் இன்னும் அபிப்பிராய பேதம் இருக்கிறது.

செங்காந்தள் கொடிய விஷச் செடி. கிழங்கைத் தின்று செத்தவர்கள் உண்டு. பூவைப் பார்த்து ரசிக்கலாம். வாயில் வைக்கக் கூடாது. இருதயத் தளர்ச்சிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. இருதயத்தின் பாரத்தைக் குறைத்து, அறை பெருக்காமல் தடுப்பவை. அவற்றை ஒருநாள் விடாமல் சாப்பிடுகிறவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள். மூச்சு வாங்கி, கால் வீங்கினால் வயசுக் கோளாறு என்று சும்மா இருந்து விடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய் இருதயத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மெச்னிகோவ் காலத்தில் இந்த மருந்துகள் ஒன்றும் கிடையாது.

கடைசி நாட்கள்

1914-இல் முதல் உலக யுத்தம் மூண்டது. பாஸ்டர் நிலையம் வெறிச்சென்று ஆயிற்று. வாலிப ஆராய்ச்சிக்காரர்கள் போர் முனைக்குப் போய் விட்டார்கள். மனிதனை நீண்ட நாள் வாழ வைக்க வழி தேடிக் கொண்டிருந்த கிழவர், ஆயிரக்கணக்கான வாலிபர்கள் தினமும் மாளும் செய்தியைப் படிக்க வேண்டியிருந்தது.

அவர் இருதயம் அதற்கு முன்பே தொல்லை கொடுக்கத் தொடங்கியிருந்தது. இப்போது மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை. பாஸ்டர் வாழ்ந்த வீடு நிலையத்திலேயே இருந்தது. அங்கே அவரைக் கொண்டு வந்து வைத்தார்கள். ஓல்கா பக்கத்திலேயே இருந்தாள்.

நூறு வயது வாழலாம் என்று எழுதியவருக்கு எழுபதைத் தாண்டியதும் உடம்பு இப்படி ஆயிற்றே என்று ஊரார் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதற்கும் சமாதானம் வைத்திருந்தார். புளித்த பாலைத் தாம் தொடங்கியது மிகவும் தாமதமாக, இளமையில் பட்ட பாடும் கொஞ்சமல்ல என்று நினைத்தார். தம் நோயின் போக்கை வேறு யாருடைய நோயையோ பார்ப்பது போலக் கவனித்துக் குறித்து வந்தார்.

தாம் இறந்த பின் உடம்பை அறுத்து நன்றாக ஆராய வேண்டும் என்று சக டாக்டரிடம் கேட்டுக் கொண்டார். முக்கியமாகக் குடலைப் பார்க்கச் சொன்னார். தம்முடைய கொள்கை சரியா, தப்பா என்று தெரிந்து கொள்ள அவருக்கு அவ்வளவு ஆசை! இருதயத்தின் உள்ளே தம்முடைய பழைய சிநேகிதர்கள் இரவும் பகலும் வேலை செய்து கொண்டிருக்கக் கூடும் என்ற சந்தேகம் அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

1916-ஆம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி மெச்னிகோவ் காலமானார். வயது 71.

அவர் சொன்னபடியே உடம்பை அறுத்து ஆராய்ந்தார்கள். பிறகு தகனம் செய்தார்கள். சாம்பலை ஒரு கலசத்தில் இட்டுப் பாஸ்டர் நிலையத்தின் நூல் நிலையத்தில் வைத்தார்கள். அவர் மாணவர் ஹாப்கின் ஒரு காலத்தில் வேலை பார்த்ததும் அந்த நிலையத்தின் நூல் நிலையத்தில்தான்.